வெங்காய லொறியில் வந்த மேசை



எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இப்போது போட்டிருக்கும் சின்ன மேசையையும் ஆறு ஸ்டூல்களையும் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என்னங்கய்யா, ஒரு ஆணியக்கூடக் காணோம், இது எப்படி நிக்குது?" பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியார் ஒருவர் மேசையைக் குப்புறக் கவிழ்த்தே பார்த்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் வெட்டி, தட்டையாக அடுக்கி, லொறியில் ஏற்றி வந்து, இங்கே மரச் சுத்தியலால் தட்டி மாட்டியது என்று சொன்னால் சிலர் நம்புவதாக இல்லை. ஆகவே இந்த இதழின் தொழில் பாடத்தில் அதையே எடுத்துக்கொள்கிறோம். பாடம் என்பதால் நாங்கள் விட்ட பிழையையும் மறைக்காமல் எழுதுகிறோம். அந்தப் பிழைக்குப் போன காசு, பிள்ளைகளின் தாய்மார் மாதாமாதம் சேர்த்து வைத்த கொழுந்துக் காசு.

முதலில் ஒன்று. பலகைகளாகத் தட்டையாக வந்து, வந்த இடத்தில் பெட்டியாகவோ கதிரையாகவோ நிமிரும் வேலை நம் தோட்டத்துக்குப் புதிசே அல்ல. ஸ்டோரில் வேலை செய்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், தேயிலைப் பெட்டியைப் பற்றிச் சொல்வார்கள். ஒட்டுப்பலகைத் தட்டுகள் கட்டுக் கட்டாக வரும். ஓரத்துக்குத் தகரப் பட்டி, மூலைக்கு மரச் சட்டம், உள்ளே ஈயநிறத் தாள். ஸ்டோரிலேயே பெட்டி அடித்து, தேயிலை நிரப்பி, மூடி, தோட்டத்து மார்க் போட்டு அனுப்புவார்கள். காற்றை ஏற்றிக்கொண்டு கப்பல் வரக்கூடாது என்பதுதான் தட்டையாக அனுப்பியதற்குக் காரணம். அந்தக் காலத்தில் இப்பலகைகள் எஸ்தோனியா போன்ற தூர தேசங்களிலிருந்து வந்தன. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பலகை வருவது தடைப்பட்டபோது, காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் அரசாங்கம் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தொடங்கியது. தேயிலைப் பெட்டிப் பலகை செய்வதே அதன் முக்கியமான வேலையாக இருந்தது. பிறகு கடதாசிச் சாக்கு வந்தது, பெட்டி போயிற்று. பழைய பெட்டிப் பலகையில் செய்த அலுமாரியும் கோழிக்கூடும் இன்னும் சில லயங்களில் இருக்கின்றன.

கதிரையிலும் இதே யுக்தி உண்டு. 1859இல் தோனெட் என்னும் கம்பனி ஐரோப்பாவில் ஒரு வளைமரக் கதிரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரமுள்ள ஒரே பெட்டிக்குள் பிரித்து அடுக்கிய 36 கதிரைகளை அனுப்பினார்களாம். முழுக் கதிரையாக அனுப்பியிருந்தால் எத்தனை பெட்டி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி நம் கதைக்கு வருவோம். எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் யாழ்ப்பாணத்தில், காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடத்துக்கும் சுன்னாகத்துக்கும் இடையிலுள்ள ஒரு தளபாடப் பட்டறையில் வேலை செய்கிறான். கதவு நிலையிலும் சாமியறைக் கதவிலும் பூவேலை செதுக்குவதற்காக அங்கே ஒரு சீ.என்.சி. ரூட்டர் மெஷின் போட்டிருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தவன் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் சாக்கில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "ஐயா, பலகை மட்டும் வாங்கித் தாங்க, முதலாளிகிட்ட கேட்டு ஞாயித்துக்கிழமையில வெட்டித் தர்றேன்" என்றான். படம் வரைந்தது மேல் லயத்துப் பிள்ளை ஒருவர். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தவர். (இந்தப் பிரிவு 2013ஆம் ஆண்டில்தான் நம் பாடசாலைகளுக்கு வந்தது. கலைப் பிரிவைத் தவிர வேறு வழியில்லை என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.) அவரையும் அவருடைய தாயாரையும் அழைத்துக்கொண்டு நாங்களும் ஒரு தடவை யாழ்ப்பாணம் போய்வந்தோம்.

ரூட்டர் என்றால் சுழலும் உளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் பிடித்து ஓட்டும் ரூட்டரைத் தச்சுப் பட்டறைகளில் கண்டிருப்பீர்கள். சீ.என்.சி. ரூட்டரில் பிடிக்கிற கை மட்டும் கம்பியூட்டருடையது. எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று முழுசாகப் படுக்கிற பெரிய மேசை. அதற்குக் குறுக்கே பாலம் மாதிரி ஓர் இரும்புச் சட்டம். பாலத்தில் ஒரு மோட்டார். அதன் நுனியில் பென்சில் மொத்தத்தில் ஒரு பிட். பாலம் முன்னும் பின்னும் போகும், மோட்டார் பாலத்தில் இடமும் வலமும் போகும், மேலும் கீழும் இறங்கும். எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், என்ன வேகம் என்பதெல்லாம் வரிவரியாக எண்களில் எழுதிக் கொடுக்கப்படுகிறது. அதற்கு ஜி கோட் என்று பெயர். எண்களைக் கொடுத்து இயந்திரத்தை ஓட்டும் இந்த முறையை 1952இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் செய்து காட்டினார்கள். அப்போது எண்களைத் துளைபோட்ட நாடாவில் பதித்தார்கள், இப்போது பென்டிரைவில் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். மற்றபடி அடிப்படை ஒன்றுதான்.

இதில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது என்னவென்றால், மெஷினுக்குப் பலகை தெரியாது. நம் தச்சு ஆசாரியார் பலகையைத் தடவிப் பார்ப்பார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வளைவு பார்ப்பார், துளை இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு சீவு சீவுவார். மெஷின் அப்படியில்லை. பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தால் பதினெட்டு வெட்டும். நூறு தடவை கேட்டாலும் அதே பதினெட்டுத்தான்.

நாங்கள் பதினெட்டு என்றுதான் எழுதிக் கொடுத்தோம்.

கடை பில்லில் "18 மில்லிமீற்றர் பிளைவூட்" என்று இருந்தது. அதை நாங்களே தொலைபேசியில் பிள்ளைக்கு வாசித்துச் சொன்னோம். ஸ்டூலின் அமைப்பு சுலபமானது. மேலே ஒரு தட்டு, இரண்டு பக்கப் பலகை, நடுவில் ஒரு குறுக்குப் பலகை. ஒவ்வொரு பக்கப் பலகையிலும் மேல்நோக்கி இரண்டு நாக்கு. அவை தட்டிலுள்ள நாலு துளைகளில் ஏறும். குறுக்குப் பலகையின் இரு முனையும் பக்கப் பலகைகளிலுள்ள துளைகளில் புகும். பிள்ளை துளைகளையெல்லாம் 18 மில்லிமீற்றர் அகலத்தில் வரைந்தார். பையன் ஞாயிற்றுக்கிழமை ஆறு ஸ்டூலையும் ஒரே மூச்சில் வெட்டி முடித்துவிட்டான். மாட்டிப் பார்த்தால், ஒவ்வொன்றும் விழப்போகிற பால்பல்லைப் போல ஆடுகிறது. மூன்று வயசுப் பிள்ளை ஏறி நின்றால் என்ன ஆகும்?

பட்டறையில் வயதான மேசை வேலைக்காரர் ஒருவர் இருந்தார். கோயில் தேர் வேலைகளிலும் கைபோட்டவர். அவர் ஒன்றும் பேசாமல் வேணியர் இடுக்கியை எடுத்துப் பலகையில் வைத்தார். 17.2. "தம்பி, பில்லிலை இருக்கிறதை நம்பாதேங்கோ. பலகையை அளந்து பாருங்கோ" என்றார். பாடசாலையில் விஞ்ஞான அறையில் நாங்கள் எல்லாரும் பிடித்துப் பார்த்த அதே வேணியர் இடுக்கிதான். அது கையில் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

ஏன் இப்படி என்று கேட்டால், ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று பசை போட்டு அழுத்திச் செய்வது. ஒரு தாளின் நார் நீளவாட்டில் ஓடினால் அடுத்ததன் நார் குறுக்குவாட்டில் ஓடும். தாள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும். அதனால்தான் அது சாதாரணப் பலகையைப் போல நாரோடு பிளக்காது. ஆனால் அழுத்தி, மேல்முகத்தைத் தேய்த்து மழமழப்பாக்கும்போது மொத்தம் குறைந்துவிடும். கடையில் சொல்லும் 18 பெயரளவுக்குத்தான். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பலகைகூட ஒரே மொத்தம் இருக்காது. இது கடைக்காரர் ஏமாற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். வழக்கமே அப்படித்தான்.

வெட்டிய பலகையை என்ன செய்வது? அந்தப் பெரியவரே வழி சொன்னார். தேரில் நாக்கு தளர்ந்தால் ஆப்பு அடிப்பார்களாம். நாக்கு நுனியில் வாளால் ஒரு கீறு போட்டு, பசை தடவி, அந்தக் கீறில் கடின மரத்தில் சீவிய மெல்லிய ஆப்பை மேலிருந்து அடித்து இறக்கினார். நாக்கு விரிந்து துளையில் இறுகியது. நாலு ஸ்டூலை அப்படிக் காப்பாற்றினோம். இரண்டில் ஆப்பு அடித்தபோது பலகையின் தாள் பிரிந்துவிட்டது. அவை விறகு. அந்த நாலும் இன்றைக்கு உறுதியாகத்தான் நிற்கின்றன, ஆனாலும் அவற்றைக் கழற்ற முடியாது. ஊருக்கு அனுப்பவும் முழுசாகத்தான் அனுப்ப வேண்டும். ஆகவே அவற்றைப் பட்டறைக்குப் பக்கத்திலிருந்த ஒரு முன்பள்ளிக்குக் கொடுத்துவிட்டோம்.

தாய்மார் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் அம்மா, "அப்ப மறுபடியும் காசு சேர்க்கணுங்களா?" என்று கேட்டார். இரண்டாம் பலகையின் விலையை நாங்களே ஏற்றுக்கொண்டோம். அளவைத் தவறாகச் சொன்னது நாங்கள்.

இரண்டாம் தடவை செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். தச்சு வேலை பழகும் பிள்ளைகள் கவனித்துப் படியுங்கள்.

புதுப் பலகையை நாலு மூலையிலும் நடுவிலும் அளந்தோம். இதுவும் 17.2 பக்கத்தில்தான் இருந்தது. பிறகு ஒரு துண்டுப் பலகையில் ஐந்து துளை மட்டும் வெட்டினோம்: 17.2, 17.3, 17.4, 17.5, 17.6. பலகையின் ஓரத்திலிருந்து ஒரு நாக்கை வெட்டி எடுத்து ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தோம். 17.2இல் ஏறவே இல்லை. 17.3இல் உள்ளங்கையால் அழுத்தி இரண்டு தட்டுத் தட்டினால் அழகாக உட்கார்ந்தது. பையன் சந்தோசமாக 17.3 போடலாம் என்றான். பெரியவர் தலையை ஆட்டினார். "இஞ்சை வெயில் காயுது. உங்கட பக்கம் இப்ப மழை. பலகை ஊதும், பிறகு நீங்கள் அடிச்சு உடைப்பியள்."

அவர் சொன்னது எவ்வளவு உண்மை. அது ஜூலை மாதம். யாழ்ப்பாணத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். நமக்கோ தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற நேரம். காயப்போட்ட உடுப்பே மூன்று நாளைக்குக் காய்வதில்லை, பலகை மட்டும் சும்மா இருக்குமா? ஈரக் காற்றில் ஒட்டுப்பலகை நீளத்திலும் அகலத்திலும் அவ்வளவாக மாறாது. மொத்தத்தில்தான் ஊதும். துளையோ பலகையின் முகத்தில் வெட்டியது, அது அப்படியே இருக்கும். ஆகவே 17.5 என்று முடிவு செய்தோம். வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் இரண்டு கை வார்னிஷ் பூசினோம். ஈரம் முகத்தைவிட ஓரத்தின் வழியாகத்தான் அதிகம் நுழைகிறது. இங்கே வந்து ஒரு வாரம் கழித்து அளந்தபோது பலகை 17.4 காட்டியது. மரச் சுத்தியலுக்கு நாலு தட்டில் வேலை முடிந்தது.

மூலை விசயத்தையும் சொல்லியாக வேண்டும். பிட் வட்டமாகச் சுழல்வதால் துளையின் உள்மூலை சதுரமாக வராது, வளைந்தே இருக்கும். பிட்டின் குறுக்களவு 6 மில்லிமீற்றர் என்றால் மூலையில் 3 மில்லிமீற்றர் ஆரையுள்ள வளைவு மிஞ்சும். நாக்கோ சதுரம். சதுரம் வளைவில் இடித்துக்கொண்டு நிற்கும். உளியால் ஒவ்வொரு மூலையையும் சதுரமாக்கலாம். நம் ஸ்டூல் ஒன்றில் ஆறு துளை, துளைக்கு நாலு மூலை, ஆக 24. ஆறு ஸ்டூலுக்கு 144 மூலை. யார் உட்கார்ந்து செதுக்குவது? அதற்குப் படத்திலேயே வழி உண்டு. பிட் மூலையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போய்த் திரும்பும்படி வரைந்துவிட வேண்டும். துளையின் நாலு மூலையிலும் எலிக்காது மாதிரி ஒரு சின்ன வட்டம் விழும். நாக்கு தடையில்லாமல் இறங்கும். ஸ்டூலின் மேல்தட்டில் அந்தக் காதுகளைக் கண்டு "பலகை பூச்சி அரிச்சிருக்கு" என்று ஒருவர் சொன்னார். பூச்சி இல்லை, அது கணக்கு.

ஆழத்தை மெஷின் ஒரே தடவையில் வெட்டாது. சுமார் 6 மில்லிமீற்றர் வீதம் மூன்று தடவை இறங்கி வெட்டுகிறது, கடைசித் தடவை அடியிலுள்ள கழிவுப் பலகையில் கொஞ்சம் உரசிவிட்டுப் போகும். துண்டுகளை முழுசாகப் பிரித்துவிடாமல் அங்கங்கே சின்னப் பாலம் விட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் துண்டு கழன்று, நிமிடத்துக்கு 18,000 தடவை சுற்றும் பிட்டில் மாட்டி எகிறும். எல்லாம் முடிந்தபிறகு அந்தப் பாலங்களை உளியால் வெட்டி, அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். பக்கப் பலகைகளில் மேல்தாளின் நார் நிமிர்ந்து நிற்கும்படி படத்தில் அடுக்குவதும் அவசியம். பாரம் தாங்குவது அந்த நார்தான்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தான் எந்த இடத்தில் நின்றேன் என்பதை அது மறந்துவிடும். மறுபடி தொடக்கப் புள்ளியைக் காட்டிக் கொடுக்க வேண்டும். 2022இல் நாள்கணக்கில் பல மணி நேர மின்வெட்டு இருந்ததே, அந்த நாளில் பாதியில் கெட்ட பலகைகளைப் பற்றிப் பட்டறைக்காரர்கள் கதை கதையாகச் சொல்கிறார்கள். மின்சாரம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பெரிய லைன் மின்சாரத்தை "லக்சபானா" என்றே சொல்வார்கள். போர்க் காலத்தில் அந்த லைன் அறுந்து, போர் முடிந்தபிறகுதான் சுன்னாகத்துக்குத் திரும்பி வந்தது. "உங்கட மலைத் தண்ணியிலைதான் தம்பி இது சுத்துது" என்று அந்தப் பெரியவர் சிரித்தார். லக்சபானா மஸ்கெலியாப் பக்கம் என்று நம் பிள்ளை சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம்.

பாதுகாப்புப் பற்றி. ஸ்டோரில் சல்லடைக் காம்பராவில் வேலை செய்தவர்களுக்குத் தூசியின் தொல்லை தெரியும். ஒட்டுப்பலகைத் தூசியில் மரமும் உண்டு, பசையும் உண்டு. மரத் தூசியையும், அப்படிப்பட்ட பசைகளிலிருந்து வெளிவரும் போமல்டிஹைட் வாயுவையும் புற்றுநோய் தரக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. முகமூடி, கண்ணாடி, காதடைப்பு மூன்றும் வேண்டும். தூசி உறிஞ்சும் குழாய் இல்லாத பட்டறையில் பிள்ளைகளை வேலைக்கு விடாதீர்கள். கையுறை மட்டும் கூடாது. சுழலும் பிட் கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

அளவு எடுப்பது வெட்டுவதற்கு முன்னமே, பிள்ளைகளிடமிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் பிள்ளைக் காம்பராவில் மூன்று வயசிலிருந்து ஐந்து வயசு வரையுள்ள பிள்ளைகளை உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தோம். ஸ்டூலின் உயரம் 10 அங்குலம், மேசை 18 அங்குலம் என்று வந்தது. பெரியவர்களின் மேசையை அப்படியே சின்னதாக வரைந்தால் பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்கும். படம் வரைய பிரீகேட் என்ற மென்பொருளைப் பாவித்தோம். அது இலவசம். வெட்டும் பாதையையும் அதிலேயே போடலாம். ஒரு பலகையில் ஆறு ஸ்டூலும் மேசைத் தட்டும் அடங்கின. மேசைக் கால்களுக்கு முதல் பலகையின் மிச்சம் உதவியது, அதற்கு மட்டும் துளைகளைத் தனியாக அளந்து போட்டோம்.

இனிக் கொண்டு வந்த விதம். நம் பக்கத்துக் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போகும் லொறி, திரும்பும்போது சின்ன வெங்காயம் ஏற்றி வரும். பலகைத் துண்டுகளைப் பழைய பெட்சீட்டில் சுற்றி, கயிறு போட்டு, லொறித் தட்டில் வெங்காய மூட்டைக்கு அடியில் படுக்க வைத்தோம். அடுக்கின் உயரம் ஒன்றரை அடிகூட இல்லை. சாரதி கூலி கேட்கவில்லை. முழு மேசையும் ஸ்டூலும் என்றால் இடத்துக்கே காசு கேட்டிருப்பார், அதுவும் நியாயம்தான். ஸ்டோர் சந்தியிலிருந்து லயத்துக்கு இரண்டு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். மாட்டி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் ஆனது, அதில் பாதி நேரம் பிள்ளைகளை விலக்கிவிடுவதில் போனது. ஒரு வாரத்துக்கு வாசலெல்லாம் வெங்காய வாசம்.

இந்த வேலையைப் பழக விரும்பும் பிள்ளைகள் முதலில் கைத்தச்சு வேலை பழகட்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். மெஷின் ஓட்டப் பழகுவது பிறகு. ஆப்பு அடிக்கத் தெரிந்த கைதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் மாவட்டம்தோறும் உண்டு. மர வேலைக்கு என்.வீ.கியூ. சான்றிதழ் கிடைக்குமா, எந்த மட்டம், எப்போது ஆள் சேர்க்கிறார்கள் என்பதை நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் நிரப்ப எங்களிடம் வரலாம்.

அடுத்ததாக மேல் லயத்துப் பிள்ளை சுவரோடு மடித்து வைக்கும் படிப்பு மேசைக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இரவு பாய் விரிக்கும்போது மடித்துவிடலாம். வேண்டும் என்பவர்கள் மாத முடிவுக்குள் பெயர் கொடுங்கள். மேசை போடும் சுவரின் அகலத்தை அளந்து எழுதி வாருங்கள். நம் லயத்துச் சுவர்கள் நேராக இல்லை, ஆகவே அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். அளவு நாடா இல்லாதவர்கள் ஆபிசில் வாங்கிக்கொண்டு போய், மறுநாள் பெரட்டுக்கு முன் திருப்பித் தந்துவிடுங்கள். இருப்பது ஒன்றுதான்.